அலுமாரியில் இல்லாத நீலப் பை

அலுமாரியின் மேல் தட்டில் ஒரு முழ அகலத்துக்கு வெறுமை கிடந்தது. அந்த இடத்தில்தான் நீல றெக்சின் பை இருந்திருக்க வேண்டும். பைக்குள் இந்திய விசா குத்திய இரண்டு பாஸ்போட்டும், திருச்சிக்குப் போகும் இரண்டு விமான டிக்கெட்டும் இருந்திருக்க வேண்டும். இப்போது அங்கே கிடந்தது ஒரு பாச்சா உருண்டை மட்டுந்தான்.

அழகர் அந்தப் பலகையைத் திரும்பத் திரும்பத் தடவினான்.

"தடவுனா முளைச்சி வருமா?" என்றார் தெரேசா மிஸ், இஞ்சி டொபியை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றியபடி.

"பாச்சா உருண்டைக்கிட்ட வாக்குமூலம் எடுக்கிறேன் மிஸ். வாயத் தொறக்க மாட்டேங்குது."

பகிடி என்னவோ வந்துவிட்டது. பலகையைத் தடவுகிற கைதான் நிற்கவில்லை.

கண்டியில் ஓடிப்போன புருஷன்மாரையும் களவுபோன தண்ணீர் மோட்டர்களையும் கண்டுபிடித்துக் கொடுப்பது தெரேசா மிஸ்ஸின் தொழில். முன்பு தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டே மனிதரைப் படித்தவர். அவருக்குத் திரீவீல் ஓட்டுவதும், கதவு தட்டுவதும், அவசரத்துக்கு மதில் ஏறுவதும் அழகரின் தொழில். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரனின் சொந்த வீட்டில், மஹய்யாவ மேட்டில், பை காணாமல் போயிருந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில் விழுந்த கதைதான்.

அந்தி பட்டதும் வேன் வந்துவிடும். விடிந்தால் விமானம். வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் பாஸ்போட் தொலைத்தவனுக்கு எந்த அரசாங்கக் கந்தோரும் கதவு திறக்காது.

பயணத்துக்கு முதலில் வைத்த பெயர் உல்லாசப் பயணம். பழனி, மதுரை, ராமேஸ்வரம் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக அழகர் ஒரு பெரிய திட்டமே போட்டு வைத்திருந்தான். நடுவில் கோத்தகிரி. அங்கேதான் அவன் அம்மா அங்கம்மாவின் ஒரே அக்கா வீரம்மா இருந்தாள். இரண்டு நாடும் ஒப்பந்தம் என்று சொல்லித் தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்த காலத்தில் அக்காவுக்கு இந்தியா விழுந்தது. தங்கச்சிக்கு ஒரு நாடும் விழவில்லை. தலைமன்னாரில் கப்பலேறிய அக்காவை அங்கம்மா அதன் பிறகு பார்க்கவேயில்லை. பார்க்கப் போவதற்கு அவளிடம் ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை. போன வருஷம்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. பிறகு அடையாள அட்டை, அதன் பிறகு பாஸ்போட். அறுபதைத் தாண்டிய மனுஷி, தன் முகம் ஒட்டிய அந்தப் புத்தகத்தை முதல் நாள் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினாள்.

பிறகு கோத்தகிரியிலிருந்து போன் வந்தது. வீரம்மா விழுந்துவிட்டாள். டொக்டர் கையை விரித்துவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறாளாம்: "தங்கச்சி பொறப்பட்டுட்டாளா?"

உல்லாசம் அன்றோடு போனது. பயணம் மட்டும் மிஞ்சியது. இப்போது அதுவும் இல்லை. அம்மா அந்தக் கிழவியின் முகத்தைப் பார்க்காமலே இருந்துவிடுவாளோ என்று அழகருக்குப் பயமாக இருந்தது.

குசினியில் அவன் அக்கா சந்திரிகா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"எதுக்கு இவ்வளவு வெங்காயம்?" என்றார் தெரேசா.

"வெங்காயம் இல்லாம அழுதா அம்மா கேப்பாங்களே மிஸ்."

அம்மாவிடம் யாரும் மூச்சு விடவில்லை. அங்கம்மாவுக்கு நெஞ்சுக் கோளாறு. திடுக்கிடும் செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று பேராதனை ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் பகலிலிருந்து பிள்ளைகள் இருவரும் சாடை காட்டியே பேசிக்கொண்டார்கள். முன்னறையிலோ திருவிழா. இந்தியா போகிற வீடு என்றால் ஊர் சும்மா இருக்குமா? தேயிலைப் பொட்டலம், கறுவாப்பட்டை, யாரோ ஒருவரின் மதினிக்கு ஒரு போத்தல் ஊறுகாய் என்று நேற்றிலிருந்து வந்து குவிந்தபடி இருந்தது.

"வந்தவங்கள்ல இந்த அறைக்குள்ள யாரு வந்தா?"

"நேத்துக் காலையில வில்பிரட் மட்டுந்தான்" என்றாள் சந்திரிகா. "டிக்கெட்டக் கொண்டாந்து அவரே பைக்குள்ள வச்சாரு. அலுமாரிச் சாவி ஆணியில தொங்குறது அவருக்கும் தெரியும்."

தெரேசாவின் டொபி அசைவது நின்றது. விசா, பாஸ்போட் வேலைகளுக்கு ஆளுக்கு முன்னால் ஓடுகிற தரகர் வில்பிரட். போலிப் பிறப்புச் சான்றிதழ் விஷயத்தில் ஒருமுறை தெரேசாவின் கையில் அகப்பட்டுப் பிழைத்த ஆசாமி.

"மிஸ் வந்திருக்காங்களா? டீ குடுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அங்கம்மா உள்ளே வந்தாள். புதுச்சேலை, நெற்றி நிறையத் திருநீறு, முகமெல்லாம் சிரிப்பு.

அழகர் அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து மூடினான்.

"பயணத்துக்கு ரெடியாம்மா?" என்றார் தெரேசா.

"எப்பவோ ரெடி. வேன்காரப் பயதான் கட்டுகஸ்தோட்ட, குருணாகல் பக்கமா போனா லேசும்பான். எனக்குப் பேராதன ரோட்டாலதான் போகணும்னு சொல்லிப்புட்டேன்."

"சுத்து வழியாச்சே?"

"சுத்துனா சுத்தட்டும் மிஸ். போற வழி நல்லா இருக்கணும்ல?"

அங்கம்மா சிரித்தபடி முன்னறைக்குப் போனாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியைத் தெரேசா ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

"வில்பிரட் எங்க இருப்பான்?"

"பின்னேரக் கோச்சியில கொழும்புக்குப் போவாரு. பேராதனச் சந்தி ஸ்டேசன்ல ஏறுவாரு."

"வண்டிய எடு."

திரீவீல் மேட்டிலிருந்து இறங்கிய வேகத்தில் தெரேசா மிஸ் கர்த்தரை இரண்டு தடவை கூப்பிட்டார். டவுன் நெரிசலில் அழகர் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நூல் கோத்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"மெதுவாடா. பாஸ்போட் இல்லாமலே என்ன மேல அனுப்பிருவ."

"அங்க போக விசா தேவல மிஸ். அதனாலதான் கூட்டம் அதிகம்."

வழக்கமாக இப்படி ஒன்று சொன்னால் அவனே முதலில் சிரிப்பான். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

பேராதனைச் சந்தி ஸ்டேசனில் கொழும்புக் கோச்சி இன்னும் வரவில்லை. மேடையின் அந்தக் கோடியில், கையில் ஒரு தோல் பையோடு, கன்னங்கரேலென்ற தலையோடு வில்பிரட் நின்றுகொண்டிருந்தார். தெரேசாவைக் கண்டார். அவ்வளவுதான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேம்பாலப் படியில் பாய்ந்து ஏறினார்.

"பாத்தீங்களா மிஸ்? மடியில கனம்!" என்று கத்திக்கொண்டே அழகர் பின்னால் ஓடினான்.

பாலத்தின் நடுவில் அவரை மடக்கினான். சட்டைக் கொலரைப் பிடித்த கை அவனுக்கே தெரியாமல் இறுகியது.

"பையக் குடு! எங்கம்மா பாஸ்போட்டக் குடு!"

"என்ன பாஸ்போட்டு தம்பி? விடுங்க, மூச்சு முட்டுது!"

தெரேசா மூச்சு வாங்க வந்து சேர்ந்து, தோல் பையின் பூட்டைத் திறந்தார். ஒரு சோற்றுப் பார்சல். ஒரு சவர்க்காரப் பெட்டி. பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றி, ஒரு சின்னப் போத்தல். பிரித்தார். தலைமயிருக்குப் பூசும் கறுப்புச் சாயம்.

"இதுக்கா ஓடுன?"

வில்பிரட்டின் முகம் சுண்டிப்போனது. "ஓடினது உங்களக் கண்டு மிஸ். அந்தக் கேசுக்குப் பொறகு உங்களப் பாத்தா என் கால் என்னக் கேக்காது, தானா ஓடும். போத்தல ஒளிச்சது... வீட்டுல கூடத் தெரியாது மிஸ். சொல்லிறாதீங்க."

"அண்ணன் தலையே போலி ஆவணமா?" என்றான் அழகர். சொல்லிவிட்டு, பாலத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இருந்த ஒரே நூலும் அறுந்தது. கீழே தண்டவாளம் மழைக்கு முன்பே நனைந்ததுபோல் மின்னியது. வீட்டுக்குப் போய் அம்மாவின் முன்னால் நின்று என்ன சொல்வது? சிரித்த முகத்தோடு வேனில் ஏறக் காத்திருப்பவளிடம், ஏறாதீங்கம்மா என்று எந்த வாயால் சொல்வது? சொன்ன பிறகு அந்த நெஞ்சு தாங்குமா? தாங்கினால் மட்டும் கோத்தகிரிக்கு யார் சொல்வது? இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. வில்பிரட் பயந்துபோய்த் தெரேசாவைப் பார்த்தார்.

"சத்தியமா நான் எடுக்கல மிஸ். அந்தம்மா எனக்குத் தாய் மாதிரி. டிக்கெட்ட வச்சிட்டு வெளிய வந்தப்பகூட என்னக் கூப்பிட்டு, 'தம்பி, ஏர்போட்டு நம்ம வீட்டுலேருந்து எந்தத் தெசை'ன்னு கேட்டாங்க. மேற்கன்னேன். ரொம்பச் சந்தோசம்னாங்க. அப்பிடிப்பட்டவங்க வீட்டுல..."

"இரு இரு. தெசையா கேட்டாங்க?"

"ஆமா. எவ்வளவு தூரம்னு கேக்கல. தெசையத்தான் கேட்டாங்க."

தெரேசா புதிதாக ஒரு டொபியை உரித்தார். அது நல்ல சகுனம் என்று அழகருக்குத் தெரியும். ஆனாலும் தலையை நிமிர்த்தவில்லை.

"அழகர். உங்கம்மா கரிநாள்ல என்னென்ன செய்ய மாட்டாங்க?"

"இப்ப எதுக்கு மிஸ் அது? ஒண்ணுமே செய்ய மாட்டாங்க. கடவாய்ப் பல்லு வலியில உயிர் போனப்போ, கரிநாள்னு ஒரு முழு நாள் என்னப் பல்லுப் புடுங்க விடல. பல்லுக்கே பஞ்சாங்கம் பாத்த வீடு."

"இன்னைக்குக் கரிநாள். உங்க வீட்டு நாட்காட்டியில பாத்தேன். அதோட மேற்க சூலம்னும் போட்டிருக்கு. மேற்க போகக் கூடாத நாள்ல மேற்க போறாங்க. ஏன் சிரிச்சிக்கிட்டு இருக்காங்க?"

அழகர் நிமிர்ந்தான்.

"டிக்கெட் போட்டப்போ ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம? வேற நாள்ல எடம் இல்லன்னேன். அன்னைலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத்தான் இருந்தாங்க. நேத்திலேருந்துதான்..." அவன் நிறுத்தினான். "நேத்திலேருந்துதான் சிரிப்பு."

"நேத்து என்ன நடந்திச்சி?"

"காலையில கட்டுக்கலப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ட்டு வந்தாங்க. பகல் கோத்தகிரிக்குப் போன் போட்டுக் குடுத்தேன்."

"என்ன பேசுனாங்க? உள்ளது உள்ளபடி சொல்லு."

"பெரியம்மாவுக்குக் குரலே வரல. பொறப்பட்டுட்டியான்னு மட்டும் கேட்டாங்க. அம்மா, 'பொறப்பட்டுட்டேன்க்கா, நீ கஞ்சியக் குடி'ன்னாங்க. நேத்துத்தான் பெரியம்மா ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாங்களாம். பாவம், சாகப்போற மனுசிக்கு ஒரு ஆறுதல் பொய்தானே..."

"உங்கம்மா பொய் சொல்லுவாங்களா?"

பிரஜாவுரிமை விசாரணையில், ஏதாவது ஒரு பிறந்த தேதியைச் சொல்லுங்கள் என்று எல்லாரும் காதில் ஓதியும், தெரியாத தேதியை எப்படிச் சொல்வது என்று அதிகாரி முகத்துக்கு நேரே சொல்லி, அதனாலேயே காரியம் நெடுநாள் இழுபட விட்டவள் அவன் அம்மா.

"செத்தாலும் சொல்ல மாட்டாங்க மிஸ்."

"அப்ப பயணம் நேத்தே பொறப்பட்டாச்சி. ஆளு வீட்டுல இருக்காங்க. அப்ப பொறப்பட்டது எது? நான் வேதக்காரி, எனக்கு இதெல்லாம் தெரியாது. நீ சொல்லு."

மேம்பாலத்துத் தகரத்தில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. அழகர் எழுந்து நின்றான்.

"பரஸ்தானம்!" என்றான். "ஐயோ மிஸ், பரஸ்தானம்!"

"அப்பிடின்னா?"

"நல்ல நாள் ஒண்ணா, போற நாள் ஒண்ணா அமைஞ்சிட்டா, நல்ல நேரத்துல பயணச் சாமான் ஒண்ண முன்னுக்கே வீட்ட விட்டு அனுப்பிருவாங்க மிஸ். போற தெசையில, நம்பிக்கையான வீட்டுல கொண்டுபோய் வச்சிருவாங்க. அதோட பயணம் தொடங்கினதா அர்த்தம். போற அன்னைக்கு வழியில எடுத்துக்கிட்டுப் போகணும். திரும்ப வீட்டு வாசலுக்குள்ள வரக் கூடாது."

"இத ஏன் உங்கிட்ட சொல்லல?"

அவன் முகம் வாடியது. "நான் மொதமொத கொழும்புக்கு வேலைக்கு ஆள் எடுக்கிற எடத்துக்குப் போனப்போ, என் சட்டைய இப்பிடித்தான் பக்கத்து வீட்டுல வச்சாங்க. 'சட்டை வேலைக்குப் போயிருச்சில்ல, இனி நான் எதுக்கு'ன்னு கேட்டு ஊரக் கூட்டிச் சிரிச்சேன். ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன் மிஸ். அம்மா அன்னைக்கு ஒண்ணுமே பேசல."

தெரேசாவும் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்தான்.

"மேற்க, பேராதன ரோட்டுல, உங்கம்மா உயிரக் குடுத்து நம்புற வீடு. எது?"

யோசிக்கத் தேவையே இல்லை. "கெட்டம்பே. உம்மு குல்சும் உம்மா."

கலவரம் நடந்த அந்த ஆடி மாதத்தில், பக்கத்து வீட்டிலிருந்த உம்மு குல்சும்தான் அங்கம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் தன் வீட்டு மச்சில் ஏற்றி மறைத்தாள். அவர்களிடம் இருந்த பழைய துண்டு துணுக்குக் கடதாசிகளை அரிசிப் பீப்பாய்க்குள் ஒளித்து வைத்து, ஊர் அடங்கிய பிறகு ஒன்று குறையாமல் எடுத்துக் கொடுத்தாள். இப்போது கெட்டம்பேயில் மகள் வீட்டோடு இருக்கிறாள்.

"வீட்டுக்குப் போன் எடுத்து அம்மாக்கிட்டயே கேட்டுருவமா?" என்று தன் கைத்தொலைபேசியை எடுத்தார் தெரேசா.

"வேணாம் மிஸ்! நம்ம நெனைக்கிறது பிழைச்சிட்டா? அவங்க பையக் காணலன்னு தெரிஞ்சிட்டா?"

திரீவீல் மழைக்குள் பாய்ந்தது. வில்பிரட் போத்தலைப் பழையபடி லேஞ்சியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

உம்மு குல்சும் கதவைத் திறந்து, சொட்டச் சொட்ட நின்ற அழகரைக் கண்டு வாயில் கை வைத்தாள்.

"யா அல்லாஹ், மகன்! என்னத்துக்கு இப்பிடி நனஞ்சி வந்தீக்கிறீங்க?"

"உம்மா, அம்மா நேத்து ஒரு பை குடுத்தாங்களா? நீலப் பை?"

அவள் அவனையும் தெரேசாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிதானமாக, "தந்தீக்கிறாங்க" என்றாள்.

அழகர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "குடுங்க உம்மா. சீக்கிரம்."

"ஏலா மகன்."

"என்ன?"

"ஒங்கட உம்மா தந்த அமானிதம் அது. தந்தவங்கட கையிலதான் திருப்பிக் குடுக்கோணும். 'நானே வழியில வந்து எடுப்பேன், ஆரு வந்து கேட்டாலும் குடுக்க வேணாம், ஏன்ட மகன் வந்தாலும் குடுக்க வேணாம்' எண்டு சொல்லீக்கிறாங்க. நீங்க வந்து சிரிச்சிட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவீங்களாம்."

"நான் சிரிக்கல உம்மா! என் மூஞ்சியப் பாருங்க!"

"பாக்கிறன். அதுக்காக அமானிதத்த மாத்திக் குடுக்க ஏலுமா?"

"சரி, குடுக்க வேணாம். தொறந்து மட்டும் காட்டுங்க. உள்ள பாஸ்போட் இருக்கான்னு ஒரு தடவ..."

"நானே தொறந்து பாக்கல்ல. நான் பாக்காதத ஒங்களுக்கு எப்பிடிக் காட்டுற?"

அழகர் தெரேசாவைப் பார்த்தான். எத்தனையோ பூட்டுகளைப் பேச்சாலேயே திறந்தவர் அவர். இன்றைக்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அவங்க சொல்றது சரி" என்றார். கைத்தொலைபேசியில் சந்திரிகாவை அழைத்தார். "வேன் வந்திட்டா? அம்மாவ ஏத்திப் பேராதன ரோட்டால அனுப்பு. அழகர் சாமானையும் ஏத்துங்க. ஒண்ணும் கேக்காத. அனுப்பு."

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. உம்மு குல்சும் இஞ்சிப் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். அழகர் அதைத் தொடவில்லை. பையை அம்மா கொண்டுவந்தாள், சரி. பைக்குள் எல்லாம் இருக்கிறதா? கோயிலில் கீழே வைத்து எடுத்திருந்தால்? பஸ்ஸில் எவனாவது கை விட்டிருந்தால்? எட்டு அடி வைத்தால் உள்ளறை அலுமாரி. உம்மாவைத் தள்ளிவிட்டுப் போய் எடுத்துவிடலாமா என்று ஒரு கெட்ட எண்ணம்கூட வந்தது. வந்த எண்ணத்துக்கே வெட்கப்பட்டு, வாசல்படியில் போய் மழையைப் பார்த்து உட்கார்ந்தான். வருகிற ஒவ்வொரு வாகன வெளிச்சத்துக்கும் எழுந்தான், எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

மழை விட்டுத் தூறலாக மாறியபோது வேன் வந்து நின்றது. அங்கம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு இறங்கினாள். படியில் மகனைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றது.

"நீ எப்பிடி இங்க?"

உம்மு குல்சும் உள்ளே போய், வெள்ளைத் துணியில் சுற்றிய பையை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க அங்கம்மா, ஒங்கட அமானிதம். ஒங்கட மகன் வந்து கேட்டார். குடுக்கல்ல."

"எனக்குத் தெரியும், குடுக்க மாட்டீங்க."

அங்கம்மா துணியை அவிழ்த்து, பையைத் திறந்தாள். மேலே பச்சரிசி முடிந்த ஒரு சின்ன முடிச்சு. அதற்குக் கீழே டிக்கெட்டுகள். அதற்குக் கீழே இரண்டு பாஸ்போட். அவள் தன்னுடையதை எடுத்து, படம் ஒட்டிய பக்கத்தைத் திறந்து பார்த்து, சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

அழகர் சுவரில் சாய்ந்து விம்மினான். வளர்ந்த ஆண்பிள்ளை நடுவாசலில் நின்று அழுவதைப் பார்த்து வேன்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னடா? என்ன மிஸ் இவனுக்கு?"

"பையக் காணோம்னு பகலெல்லாம் தேடினோம்மா" என்றார் தெரேசா. "கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலஞ்ச கத."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"டொக்டர் சொன்னாருல்ல..." என்றான் அழகர் மூக்கை உறிஞ்சியபடி. "உங்க நெஞ்சு தாங்காதுன்னு..."

"நீ சிரிப்பேன்னு நான் சொல்லல. நான் செத்துருவேன்னு நீ கேக்கல. நல்லா இருக்குடா நம்ம குடும்பம்" என்றாள் அங்கம்மா. பிறகு தன் தலைப்பாலேயே அவன் தலையைத் துவட்டினாள். "ஒரு நாள் முந்தி அக்காக்கிட்ட பொறப்பட்டுட்டேன்னு சொல்லணும்னு இருந்திச்சி. சும்மா சொன்னா அது பொய்யி. சாகக் கெடக்கிறவக்கிட்ட பொய் சொல்லிட்டுப் போய் எப்பிடி முகத்தப் பாக்கிறது? அதான் பையக் கொண்டாந்து வச்சிட்டுச் சொன்னேன்."

தெரேசா டொபியை விழுங்கிவிட்டுத் தன் கைத்தொலைபேசியை அழகரிடம் நீட்டினார். "கோத்தகிரிக்கு எடு."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள், யாரோ ஓடினார்கள், கட்டில் கிறீச்சிட்டது. அவன் தொலைபேசியை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்தான். தன் காதையும் பக்கத்தில் வைத்தான்.

"தங்கச்சி?" காற்றை விட மெலிந்த குரல். "எங்க வந்துட்ட?"

அங்கம்மா ஈரத் தெருவைப் பார்த்தாள். பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

"கெட்டம்பே வந்துட்டேன்க்கா."

அந்தப் பக்கம் நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. முப்பது வருஷத்துக்கு முன் அதே வழியால் போனவள், மனசுக்குள் ஊர் ஊராகக் கடந்து பார்க்கிறாள்போல.

"அடுத்து கடுகண்ணாவ வரும். எறக்கத்துல கீழ பாக்காத, தல சுத்தும். மெதுவா வா. நான் இருக்கேன்."

வேனில் ஏறும்போது அழகர் திரீவீல் சாவியைத் தெரேசா மிஸ்ஸின் கையில் வைத்தான்.

"எனக்கு ஓட்டத் தெரியாதே" என்றார் அவர்.

"தள்ளிக்கிட்டே போங்க மிஸ். உடம்புக்கு நல்லது."

கதவு மூடியது. அங்கம்மா நீலப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தாள். உள்ளே கித்துள் கருப்பட்டித் துண்டுகள்.

"மேற்க சூலம். போற வாய்க்கு இனிப்பு வேணும். வெல்லம் கெடைக்கல, இதுதான் இருக்கு." ஒரு துண்டை எடுத்து மகனிடம் நீட்டினாள். நீட்டிய கை, அவன் என்ன சொல்வானோ என்று பாதி வழியில் கொஞ்சம் தயங்கியது.

அழகர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"இன்னொண்ணு குடுங்கம்மா" என்றான்.